சிங்கப்பூரில் இருந்தபடி இலங்கைத் தோட்டத் தொழிலாளர் பற்றி ஆராய நிதியும் வழிகாட்டலும் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் உங்கள் பெயரில் நேரடியாக வாங்குவது கஷ்டம். பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடி (OECD) வைத்திருக்கும் உதவி பெறும் நாடுகள் பட்டியலிலிருந்து சிங்கப்பூர் 1996-லேயே வெளியேறிவிட்டது. இலங்கை அதில் இருக்கிறது. வளர்ச்சி ஆய்வுக்கான பல நிதிகள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் போகின்றன. அதனால் பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள ஒரு விரிவுரையாளர் முதன்மை விண்ணப்பதாரராகட்டும், நீங்கள் இணை ஆய்வாளராக இருங்கள்.

அவரைச் சும்மா பெயருக்குச் சேர்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். என் முதல் விண்ணப்பத்தின் பட்ஜெட்டில் விமான டிக்கெட்டுக்கு மூன்று வரி, இலங்கையின் தேயிலைத் தோட்ட ஊரான ஹட்டனில் பேட்டி எடுப்பவருக்கு ஒரே வரி. கொழுந்து பறிப்பவர் பேட்டிக்காக அரைநாள் கூலியை விட்டால் யார் தருவது என்று நான் யோசிக்கவே இல்லை. விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது, நியாயம்தான்.

எங்கே தேடலாம்? வளர்ச்சி ஆய்வுக்கு நிதி தருவதற்காகக் கனடா நாடாளுமன்றம் 1970-ல் தொடங்கிய ஐடிஆர்சியை (IDRC) பாருங்கள். அப்புறம் உலக வங்கிக்குள் 1999-ல் பிறந்த குளோபல் டெவலப்மென்ட் நெட்வொர்க். அது இப்போது டெல்லியில் இருக்கிறது. ஜே-பால் (J-PAL) என்ற ஆய்வு மையம் பெரிய பெயர், ஆனால் சமவாய்ப்புச் சோதனை முறை ஆய்வுகளுக்கு, அதாவது ஆட்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வுகளுக்கு மட்டும்தான்.

வழிகாட்டலுக்கு, குறைந்த, நடுத்தர வருமான நாட்டு ஆய்வாளர்களுக்காக ஐனாஸ்ப் (INASP) என்ற அமைப்பு நடத்தும் ஆதர்எய்டு (AuthorAID) என்ற திட்டம் இருக்கிறது. அனுபவசாலிகள் இலவசமாகவே கட்டுரை எழுத உதவுகிறார்கள். உங்கள் இலங்கைக் கூட்டாளியை அதில் சேரச் சொல்லுங்கள்.

ஆய்வு நெறிக்குழு அனுமதியை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள். இங்கேயும் வேண்டும், அங்கேயும் வேண்டும்.