கரண்ட் பில்லை ஏற்றுவது எது? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சுற்றி வருகின்றன: சிக்கனமாகத்தான் இருக்கிறோம், பில் மட்டும் ஏன் குறையவில்லை? ஒன்றுக்குச் சொல்லும் பதில் இன்னொன்றுக்கும் உதவும் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆளில்லாத அறையில் ஒரு விளக்குகூட எரிய விடுவதில்லை. எல்லாமே எல்.இ.டி. பல்புதான். ஆனாலும் பில் அப்படியே இருக்கிறது. எந்தச் சாதனம் அதிகம் இழுக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விளக்கை அணைக்கும் பழக்கத்தை விட வேண்டாம். ஆனால் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 9 வாட் எல்.இ.டி. பல்பு 10 மணி நேரம் எரிந்தால் 0.09 யூனிட். இதே அளவை 2000 வாட் கீசர் மூன்று நிமிடத்துக்குள் இழுத்துவிடும். சூடாக்கும் சாதனங்களும் (கீசர், அயர்ன் பாக்ஸ், அடுப்பு, துணி உலர்த்தி), சூட்டை வெளியே தள்ளும் சாதனங்களும் (ஏ.சி., ஃபிரிட்ஜ்) தான் பெரும்பாலான வீடுகளில் பில்லைத் தீர்மானிக்கின்றன. விளக்கு, டி.வி., சார்ஜர் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

உங்கள் வீட்டுக் கணக்கைத் தெரிந்துகொள்ள செலவில்லாத வழி ஒன்று உண்டு. எலக்ட்ரானிக் மீட்டரின் முகப்பில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மின்னும் என்பதைப் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சோதிக்க வேண்டிய சாதனத்தை மட்டும் போட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். அதை 60,000 ஆல் பெருக்கி 3200 ஆல் வகுத்தால் வாட் கிடைக்கும். நிமிடத்துக்கு 8 முறை மின்னினால் 150 வாட்.

எண்ணும்போது ஃபிரிட்ஜின் பிளக்கையும் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் நடுவில் கம்ப்ரசர் ஓடத் தொடங்கி கணக்கைக் குழப்பிவிடும். முடிந்ததும் மறக்காமல் மாட்டிவிடுங்கள். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால், நீங்கள் மறந்துபோன ஏதோ ஒன்று ஓடுகிறது, அல்லது வயரிங்கில் கசிவு இருக்கிறது. இரண்டாவது என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள். அது பணப் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினை.

இரவில் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டால் கரண்ட் மிச்சமாகுமா?

வேண்டவே வேண்டாம். அணைத்து வைத்த நேரத்தில் உள்ளே புகுந்த சூட்டை, காலையில் போட்டதும் கம்ப்ரசர் இடைவிடாமல் ஓடி வெளியேற்ற வேண்டும். மிச்சமாவது சொற்பம். அதற்குள் உள்ளே இருக்கும் உணவு 5 டிகிரியைத் தாண்டிவிடும். அதற்கு மேல் போனால் கிருமிகள் வேகமாகப் பெருகும். சில யூனிட்டுக்காக வயிற்றைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

ஃபிரிட்ஜில் உண்மையான மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. கதவு ஓரத்து ரப்பரை முதலில் பாருங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். பிடிமானமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் சரியாக ஒட்டவில்லை. நான்கு பக்கமும் இப்படிச் சோதியுங்கள். கீல் பக்கத்தை விட்டுவிடாதீர்கள், பலர் அங்கே பார்ப்பதே இல்லை. சில நேரம் அழுக்குதான் காரணமாக இருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே சரியாகிவிடும். ரப்பர் வெடித்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது காற்றோட்டம். உள்ளே இருந்து எடுத்த சூட்டை ஃபிரிட்ஜ் பின்பக்கமோ பக்கவாட்டிலோதான் வெளியே விடுகிறது. சுவரோடு ஒட்டி வைத்தாலும், பின்னால் இருக்கும் கம்பிச் சுருளில் தூசி அடைந்திருந்தாலும் சூடு போக வழியில்லாமல் கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடும். ஃப்ரீசரில் பனி அரை சென்டிமீட்டர் அளவுக்குக் கட்டிவிட்டால் உருக்கிவிடுங்கள். பனி குளிரைக் கூட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது போர்வைபோல் இருந்து குளிர் பரவாமல் தடுக்கும். கீழ்ப் பகுதிக்கு 3 முதல் 5 டிகிரி, ஃப்ரீசருக்கு மைனஸ் 18 போதும்.

ஏ.சி.யை 18-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிருமா?

குளிராது. சாதாரண ஏ.சி.யில் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான். 18-ல் வைத்தாலும் 25-ல் வைத்தாலும் அறையிலிருந்து சூட்டை எடுக்கும் வேகம் ஒன்றே. எப்போது நிற்க வேண்டும் என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. இன்வெர்ட்டர் ஏ.சி.யும் அறை நன்றாகச் சூடாக இருக்கும்போது தானாகவே வேகமாக ஓடும், பிறகு குறைத்துக்கொள்ளும். 18-ல் வைத்தால் குறைக்கிற வேளையே அதற்கு வராது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சமாகும் என்பது பொதுவான கணக்கு. அறைக்கு அறை இது மாறும். 25-ல் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாகச் சுற்ற விடுங்கள். ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை உலர்த்தி உடலைத்தான் குளிர்விக்கிறது. அதனால் அறையில் ஆள் இல்லாதபோது அதற்கு வேலையே இல்லை, அணைத்துவிடுங்கள்.

ஏ.சி.யை ஒரு டன், ஒன்றரை டன் என்கிறார்களே, அந்த டன் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாள் முழுக்க உருகினால் எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ, அந்த வேகத்தில் சூட்டை எடுக்கும் திறன்தான் ஒரு டன். மணிக்கு 12,000 பி.டி.யு. (சூட்டை அளக்கும் ஓர் அலகு), அதாவது சுமார் 3500 வாட். இது வெளியேறும் சூட்டின் அளவு. கரண்ட் இழுப்பது இதில் மூன்றில் ஒரு பங்கோ, நல்ல சாதனம் என்றால் அதற்கும் குறைவோதான். வாங்கும்போது டன் மட்டும் பார்க்காமல் இந்த விகிதத்தையும் பாருங்கள்.

கீசரை நாள் முழுக்க ஆனில் வைப்பது நல்லதா, தேவைப்படும்போது மட்டும் போடுவதா? உடனடி ஹீட்டர் இன்னும் சிக்கனமா?

தேவைப்படும்போது மட்டும். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 0.61 யூனிட் ஆகும். 2000 வாட் ஹீட்டர் அதைச் சுமார் 18 நிமிடத்தில் செய்துவிடும். நாள் முழுக்க ஆனில் வைத்தால், தொட்டியின் சுவர் வழியே கசியும் சூட்டை ஈடுகட்டவே அது விட்டுவிட்டு எரிந்துகொண்டிருக்கும். காப்பு சரியில்லாத தொட்டியில் இந்தக் கசிவு மட்டும் ஒரு நாளில் அரை யூனிட்டைத் தாண்டலாம்.

மிச்சம் பிடிக்கிறேன் என்று 40 டிகிரியில் வைத்து நாட்கணக்கில் தண்ணீரைத் தேக்காதீர்கள். அந்த வெதுவெதுப்பில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். நுரையீரலைத் தாக்கக்கூடியது அது. 60-ல் சூடாக்கி, பச்சைத் தண்ணீர் கலந்து குளியுங்கள்.

உடனடி ஹீட்டரில் தண்ணீர் தேங்கிச் சூடு கசியும் நஷ்டம் இல்லை, அவ்வளவுதான். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஆகும் கரண்ட் எதிலும் ஒன்றேதான். 3000 வாட் ஹீட்டரால் தண்ணீரை 15 டிகிரி ஏற்றி நிமிடத்துக்குச் சுமார் 3 லிட்டர்தான் தர முடியும். மின்சாரத்திலேயே பெரிய மிச்சம் வேண்டுமென்றால் ஹீட் பம்ப் வகைதான். வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்கு மாற்றுவதால் மூன்றில் ஒரு பங்கு கரண்டில் வேலை முடிந்துவிடும். விலை கூடுதல், இடமும் வேண்டும்.

பிளக்கில் மாட்டினால் 30 சதவீதம் மிச்சமாகும் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு கெபாசிட்டரும் ஒரு சின்ன விளக்கும்தான் இருக்கும். விளம்பரத்தில் ஒரு மோட்டாரை ஓட விட்டு, பெட்டியை மாட்டியதும் ஆம்பியர் குறைவதைக் கருவியில் காட்டுவார்கள். குறைவது உண்மை. மோட்டாருக்கும் லைனுக்கும் இடையே வீணாகப் போய்வரும் மின்னோட்டத்தைக் கெபாசிட்டர் குறைக்கிறது. ஆனால் வீட்டு மீட்டர் அதற்குக் கணக்கு எழுதுவதே இல்லை. உண்மையில் வேலை செய்யும் மின்சாரத்தை மட்டும்தான் அது யூனிட்டாகக் காட்டுகிறது, அது ஒரு துளியும் மாறாது. மட்டமான கெபாசிட்டர் சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. கஷ்டப்பட்டுச் சம்பாதித்த பணத்தை இப்படிப் பறிப்பதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

ஃபேன் வேகத்தைக் குறைத்தால் கரண்ட் குறையுமா? பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேனுக்கு அந்தக் கூடுதல் விலை தகுமா?

ரெகுலேட்டரைப் பொறுத்தது. பெட்டி மாதிரி பெரிதாக, தொட்டால் சூடாக இருக்கும் பழைய ரெகுலேட்டர், ஃபேனுக்குத் தராத கரண்டில் ஒரு பகுதியைத் தானே சூடாக எரித்துவிடும். சின்னதாக இருக்கும் எலக்ட்ரானிக் வகையில் அந்த வீண் மிகக் குறைவு, வேகம் குறைந்தால் செலவும் குறையும்.

பி.எல்.டி.சி. தகும், அதிக நேரம் ஓடும் அறையாக இருந்தால். சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் அளவுக்கு இழுக்கும், இது 30 வாட் அளவுக்கு. தினமும் 12 மணி நேரம் ஓடினால் மாதம் 16 யூனிட் மிச்சம். எப்போதாவது சுற்றும் ஃபேனை மாற்றி எதுவும் கிடைக்காது. படுக்கையறையில் தொடங்குங்கள்.

போன் சார்ஜரைக் கழற்றாமல் விட்டால்?

இன்றைய சார்ஜர் சும்மா இருக்கும்போது இழுப்பது மிகச் சொற்பம். கவலைப்பட வேண்டியது ரிமோட்டில் அணைத்துவிட்டு மறந்துபோகும் சாதனங்களைப் பற்றி. ஒரு வாட் ஓர் ஆண்டு முழுக்க ஓடினால் 8.76 யூனிட். சர்வதேச எரிசக்தி முகமை 1999-ல் காத்திருப்பு நிலைக்கு ஒரு வாட் வரம்பை முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் பல சாதனங்களுக்கு அரை வாட் என்று இறுக்கியது. பழைய செட்டாப் பாக்ஸ்களில் பல, ரிமோட்டில் அணைத்தாலும் ஏறக்குறைய முன்புபோலவே இழுக்கும். சுவிட்சிலேயே அணைத்துவிடுங்கள்.

வாஷிங் மெஷினில் வெந்நீர் வேண்டுமா?

அன்றாடத் துணிக்கு வேண்டாம். டிரம்மைச் சுற்றும் மோட்டார் எடுப்பது கொஞ்சம்தான், தண்ணீரைச் சூடாக்கத்தான் செலவு. மேலே கீசருக்குச் சொன்ன 15 லிட்டர் கணக்கு இதற்கும் பொருந்தும். நோயாளியின் துணி, குழந்தையின் துணி என்றால் சூடு வையுங்கள், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

தண்ணீர் கொதிக்க வைக்க இண்டக்‌ஷனா, கெட்டிலா, மைக்ரோவேவா?

கெட்டிலும் இண்டக்‌ஷனும் ஏறக்குறைய சமம், இழுப்பதில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீருக்கே போகும். மைக்ரோவேவில் பாதிக்குச் சற்று மேல்தான். எதில் வைத்தாலும் ஒரு கோப்பைக்கு ஒரு கோப்பை அளவே ஊற்றுங்கள்.

எங்கள் ஃபிரிட்ஜ் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் ரொம்பப் பழசு. மாற்றலாமா?

முதலில் அளந்து பாருங்கள். பிளக்கில் மாட்டும் அளவுக் கருவி கிடைத்தால் ஒரு முழு நாள் மாட்டி வையுங்கள். ஃபிரிட்ஜ் விட்டுவிட்டு ஓடும் என்பதால் சில நிமிட அளவை நம்ப முடியாது. நாளுக்கு 1.5 யூனிட் காட்டி, அதே கொள்ளளவுள்ள புதியது 0.6 யூனிட்டில் ஓடுமானால், ஆண்டுக்குச் சுமார் 330 யூனிட் வித்தியாசம். உங்கள் ஊர்க் கட்டணத்தால் பெருக்கி, புதியதன் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். நட்சத்திரத்தை மட்டும் பார்க்காமல், லேபிளில் இருக்கும் ஆண்டு யூனிட் எண்ணைப் பாருங்கள்.

மாற்றினால் பழையதை இன்னோர் அறையில் தண்ணீர் பாட்டிலுக்காக ஓட விடாதீர்கள், மிச்சம் முழுவதும் அதிலேயே போய்விடும். எடைக்குப் போடுவதற்கு முன் விசாரியுங்கள்: பழைய ஃபிரிட்ஜ்களில் இருக்கும் ஆர்-134ஏ போன்ற வாயு, கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. குழாயை வெட்டி அப்படியே காற்றில் விடுபவரிடம் கொடுக்காமல், வாயுவைச் சிலிண்டரில் பிடித்தெடுக்கும் இடத்தில் கொடுங்கள்.