அம்மாவைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு பயந்து, கைக்குழந்தையாக இருந்த அண்ணனோடு குடும்பமாக வெளியேறி, வவுனியாவில் சில காலம் இருந்து, கடைசியில் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. இப்போது, "சாகிறதற்குள் மலைக்குக் கூட்டிப் போ, அப்பாவைப் புதைத்த இடத்தைப் பார்க்க வேண்டும்" என்று நாளும் பொழுதும் கேட்கிறார். அண்ணன் மறுக்கிறார். லயம் (தொழிலாளர் வரிசை வீடு) இருக்காது, தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்கள் என்கிறார். ஆனால் காரணம் வேறு. அவருடைய மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். நாங்கள் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் என்பது மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது. நான் என்ன செய்வது?
– வாசகி, உப்புவெளி

பதில்: மகள், கூட்டிக்கொண்டு போங்கள். அண்ணன் வந்தாலும் வராவிட்டாலும் போங்கள். பெற்ற தகப்பன் கிடக்கும் மண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாய் கேட்கும்போது, எந்தச் சம்பந்தப் பேச்சும் அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது.

அண்ணனின் பயம் எனக்குப் புரியாததல்ல. என் தகப்பனாரும் நோர்வூட் பக்கத்திலிருந்து வந்தவர்தான். பள்ளிக்கூடத்தில் எங்களைத் "தோட்டக்காட்டார்" என்று கூப்பிட்டதை மறக்கவில்லை. ஆனால் அண்ணன் ஒன்றை யோசிக்கவில்லை. நம் நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பிறந்த இடத்துக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அவர் தோட்டத்தில் பிறந்தவர் என்றால், அது அவர் மகளின் சான்றிதழிலேயே எழுதப்பட்டிருக்கும். விவாகப் பதிவுக்கு அந்தத் தாளைத்தான் நீட்ட வேண்டும். பதிவாளர் முன்னால் தெரியப் போவதை இன்றைக்கே வீட்டில் வைத்துச் சொல்லிவிடுவது அந்தப் பெண்ணுக்குத்தான் நல்லது. தோட்டத்து வேர் என்று கேட்டதும் எழுந்து போகிற வீட்டுக்கு அவள் மருமகளாகப் போகத்தான் வேண்டுமா?

வெட்கப்பட என்ன இருக்கிறது? 1867இல் லூல்கந்துரவில் தேயிலை தொடங்கியதிலிருந்து, அதற்கு முன் கோப்பிக் காலத்திலிருந்தே, காட்டை வெட்டி மலையைத் தோட்டமாக்கியவர்கள் நம் ஆட்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இந்தியாவோடு செய்த ஒப்பந்தம் குடும்பங்களை இங்கே பாதி, இந்தியாவில் பாதி என்று பிரித்தது. மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க வழி பிறக்க 2003 வரை ஆனது. அத்தனையையும் தாங்கிப் பிள்ளை வளர்த்தவர் உங்கள் அம்மா. அவரை மறைத்து வைக்க வேண்டியதில்லை.

இனிப் பயண விஷயம். தோட்டத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால் அலைச்சல்தான் மிஞ்சும். ஒரு தோட்டத்தில் பல டிவிசன்கள் (பிரிவுகள்), ஒவ்வொன்றிலும் பல லயங்கள். லயத்துக்கென்று தனி விலாசம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து ஆள் மூலம் போகும். ஆகவே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். எந்த டிவிசன், எந்தக் கங்காணியின் (வேலை மேற்பார்வையாளரின்) கீழ் பேர் போட்டார்கள், லயம் கோவிலுக்கு மேலேயா கீழேயா, பிள்ளை மடுவம் (வேலை நேரத்தில் குழந்தைகளை விடும் இடம்) எந்தப் பக்கம், பீலித் தண்ணீர் எங்கே விழுந்தது, எல்லாம் எழுதுங்கள். முக்கியமாகப் பட்டப்பெயர்களைக் கேளுங்கள். ஒரே டிவிசனில் நாலு ராமசாமி, ஐந்து மாரியாயி இருப்பார்கள். ஆளைப் பிரித்துக் காட்டுவது பட்டப்பெயர்தான்.

என் தகப்பனாரோடு நான் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். லயத்து வாசலில் இருந்த இளம் பிள்ளைகளுக்கு அவர் சொன்ன பெயர் எதுவும் தெரியவில்லை. இஸ்டோப்பில் (வாசல் திண்ணையில்) ஒரு கிழவி உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். உலக்கையை நிறுத்தவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை. "கட்டைக் கங்காணி பேரனா?" என்று கேட்டார். குரலை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார். பிறகு உரலைத் தள்ளி வைத்துவிட்டு, அப்பாவின் இடது புருவத்தில் இருந்த தழும்பைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். அந்தத் தழும்பு எந்தப் படிக்கட்டில் விழுந்து வந்தது என்பது எங்களுக்கே அன்றுதான் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: "தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்கள்" என்று அண்ணன் இங்கே இருந்துகொண்டு முடிவு கட்ட வேண்டாம். ஓய்வு பெற்ற கொழுந்துக்காரப் பெண்களிடம் போய்க் கேளுங்கள். பதிவேட்டில் இல்லாததெல்லாம் அவர்களிடம் இருக்கிறது.

உங்கள் பாட்டனாரின் குழியைப் பற்றி உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். கட்டிய சமாதிகள் மிகக் குறைவு. ஒரு கல், தலைமாட்டில் ஒரு பூச்செடி, அவ்வளவுதான். கல் மண்ணில் புதைந்திருக்கலாம். அந்த இடத்தில் புதிதாகத் தேயிலை நட்டிருக்கவும் கூடும். சரியான இடம் கிடைக்காவிட்டால், அந்தச் சுடுகாட்டு மேட்டிலேயே ஒரு தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, அம்மாவைக் கொஞ்ச நேரம் இருக்க விடுங்கள். அவரை அவசரப்படுத்தாதீர்கள், அவர் அழுதால் தடுக்கவும் வேண்டாம். ஆனால் கைவிட்டுக் காடாகிப் போன தேயிலைக்குள் தனியே இறங்க வேண்டாம். குளவிக் கூடுகள் இருக்கும். குளவி கொட்டி உயிர் போனவர்கள் தோட்டங்களில் உண்டு. அட்டைக்குக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டால் போதும்.

லயம் இருந்தால் அதில் வேறொரு குடும்பம் இருக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் நடக்கிறது. நாம் பிறந்த இடம் என்று உள்ளே நுழைந்துவிடக் கூடாது. இஸ்டோப்பில் உட்காருங்கள், தேத்தண்ணி வரும், மறுக்காமல் குடியுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். திருகோணமலையிலிருந்து நல்ல கருவாடு கொண்டு போங்கள். மலையில் அதற்கு இருக்கும் மதிப்பே தனி. தோட்டத் தலைவரிடமோ கோவில் கமிட்டியிடமோ முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

பஸ் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்குப் போகும். அங்கிருந்து ஹட்டன் பஸ். ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் தாண்டிப் பொகவந்தலாவை. அம்மாவின் வயதுக்கு ஒரே நாளில் போக வேண்டாம். மாத்தளையில் இறங்கி முத்துமாரியம்மனைக் கும்பிட்டு, கண்டியில் இரவு தங்குங்கள். தம்புள்ளையிலிருந்து மாத்தளை வரை ஜன்னலோரம் அம்மாவை உட்கார வையுங்கள். மன்னார்க் கரையில் இறங்கிய நம் பாட்டன் பாட்டிமார் காட்டு வழியாகக் கால்நடையாய் மலைக்குப் போன தடம் அந்தப் பக்கம்தான். வழியில் கொலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஏராளம்.

காலம் தையிலிருந்து சித்திரை வரை நல்லது. வைகாசி பிறந்தால் தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கத்தை விடாது. ஆனால் சிவனொளிபாத மலை யாத்திரைப் பருவமும் அதே மாதங்களில்தான். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளிலும் வார இறுதியிலும் ஹட்டன் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. தோட்டத்து அம்மன் திருவிழா எப்போது என்று விசாரித்து, அந்தத் தேதிக்குப் போக முடிந்தால் மிக நல்லது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளெல்லாம் அன்றைக்கு ஊரில் இருப்பார்கள். 4,000 அடிக்கு மேலான இடம், கம்பளி உடுப்பு கட்டாயம்.

(பதுளைப் பக்கம் வேர் உள்ள வாசகர்களுக்கு: உங்களுக்கு மழை ஐப்பசியிலிருந்து. கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29இல். அந்த மாதங்களில் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்காமல் புறப்படாதீர்கள்.)

கேள்வி: எங்கள் பாட்டி பழைய மஸ்கெலியாவில் பிறந்தவர். அந்த ஊரே தண்ணீருக்குள் போய்விட்டது என்கிறார்கள். பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?
– வாசகர், மூதூர்

பதில்: இருக்கிறது. 1960களின் கடைசியில் மவுஸ்ஸாகலை அணை கட்டியபோது பழைய நகரம் மூழ்கியது. மக்களை மேலே இப்போதைய மஸ்கெலியாவுக்கு மாற்றினார்கள். மழை பொய்த்து நீர் மட்டம் இறங்கும் ஆண்டுகளில் கோவில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் சிதைவுகள் வெளியே தெரியும். நோர்வூட்டிலிருந்து அதற்குத் தனி வழி பிரிகிறது. போவதற்கு முன் மஸ்கெலியாவில் யாரிடமாவது நீர் மட்டத்தைக் கேளுங்கள். வற்றியிருந்தாலும் கரையில் சேறு ஆழம். ஊர்க்காரர் ஒருவர் துணையில்லாமல் இறங்க வேண்டாம்.

கேள்வி: பாட்டனார் வாழ்ந்த லயக் காம்பராவை எங்கள் பெயரில் எழுதி வாங்க முடியுமா? விடுமுறைக்குப் போய்த் தங்க ஆசை.
– வாசகர், கன்னியா

பதில்: முடியாது, தம்பி. முயலவும் வேண்டாம். நிலம் அரசுக்குரியது, 1970களில் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. இன்றைக்கும் அந்தக் காம்பராவில் குடியிருந்து கொழுந்து பறிக்கிறவருக்கே அது சொந்தமில்லை. தனி வீடும் சிறு காணியும் கொடுக்கும் திட்டங்கள் நடக்கின்றன. 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஆனாலும் லயத்தில் காத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் ஏராளம். அந்த வரிசையில் முதல் உரிமை அவர்களுடையது. விடுமுறைக்குத் தங்க ஹட்டனில் விடுதி இருக்கிறது. கையில் காசு மிச்சமிருந்தால், பாட்டனாரின் டிவிசனில் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகும் ஒரு பிள்ளையின் டியூசன் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். யாருக்குத் தேவை என்பதை அங்குள்ள பள்ளிக்கூட அதிபரிடம் கேட்டால் சொல்வார்.