காப்புரிமை வழக்கறிஞர் ஆக என்ன படிக்க வேண்டும்? அவர்கள் தினமும் என்னதான் செய்கிறார்கள்?

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிப்பதாகவும், "பாட்டு, புத்தகம், கண்டுபிடிப்பு எல்லாவற்றுக்கும் காப்புரிமை வாங்கித் தரும் வழக்கறிஞர்" ஆக ஆசை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், முதலில் அந்த வாக்கியத்தையே பிடித்துக்கொள்கிறேன். நான் ஜூனியராகச் சேர்ந்த முதல் நாள் என் சீனியரும் இதைத்தான் செய்தார்.

தமிழில் 'காப்புரிமை' என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. சினிமாப் பாட்டுத் தகராறு வந்தாலும் பத்திரிகைகள் காப்புரிமை என்கின்றன. மருந்து நிறுவனத்தின் கண்டுபிடிப்புக்கும் காப்புரிமை என்கின்றன. சட்டத்தில் இவை வெவ்வேறு ஜாதி. பாட்டுக்கும் புத்தகத்துக்கும் உள்ளது பதிப்புரிமை, 1957-ஆம் ஆண்டுச் சட்டம். அதை யாரும் 'வாங்கித் தர' வேண்டியதில்லை. நீங்கள் ஒரு கவிதையைத் தாளில் எழுதி முடித்த நொடியில் உரிமை உங்களுடையது. ஆயுள் முழுக்க இருக்கும், இறந்த பிறகும் 60 ஆண்டுகள் வாரிசுகளிடம் இருக்கும். கண்டுபிடிப்புக்கான காப்புரிமை 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வருவது. விண்ணப்பித்து, காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வாளரிடம் போராடித்தான் பெற வேண்டும். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் முடிந்தால் ஊர்ச்சொத்து. கடைப்பெயர், சின்னம் எல்லாம் வணிகச் சின்னம். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். கோவில்பட்டி கடலை மிட்டாய் போல ஊரோடு ஒட்டிய பொருளுக்குப் புவிசார் குறியீடு. இவை அத்தனையும் சேர்ந்ததுதான் அறிவுசார் சொத்துரிமை. நீங்கள் இதில் எதைச் செய்ய விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் படிப்பு மாறும்.

நான் இந்தத் துறைக்கு வந்ததே ஒரு தோல்வியால்தான். இயந்திரப் பொறியியல் இறுதியாண்டில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து முருங்கைக்கீரை உருவும் இயந்திரம் ஒன்று செய்தோம். வீட்டில் முருங்கைக்கீரை என்றால் பாட்டியிலிருந்து பேரன் வரை உட்கார்ந்து உருவ வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் இயந்திரம் ஒரு கட்டுக் கீரையை இரண்டு நிமிடத்தில் உருவிவிடும், காம்பும் கொஞ்சம் கலந்து விழும். கல்லூரிகளுக்கு இடையிலான கண்காட்சியில் முதல் பரிசு கிடைத்தது. உள்ளூர்ப் பத்திரிகையில் படத்தோடு செய்தி, அதில் உருளைகள் எப்படிச் சுழல்கின்றன என்பது வரை விவரம். "முதலில் நாலு பேருக்குக் காட்டுங்கள், காப்புரிமை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று எங்கள் வழிகாட்டி ஆசிரியர் சொல்லியிருந்தார்.

எட்டு மாதம் கழித்து ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். அவர் இயந்திரத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "இதை எங்கேயாவது காட்டினீர்களா?" என்றார். நாங்கள் பெருமையோடு பத்திரிகைத் துண்டை நீட்டினோம். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "உங்கள் விண்ணப்பத்தை நிராகரிக்க ஆய்வாளர் தேடப்போகும் ஆவணம் இதுதான். நீங்களே கொண்டுவந்துவிட்டீர்கள்" என்றார்.

விண்ணப்பத் தேதிக்கு முன் உலகத்துக்குத் தெரிந்துவிட்ட எதுவும் புதியது ஆகாது, தெரிவித்தது கண்டுபிடித்தவரே ஆனாலும். கண்காட்சிக்குச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சி என்றால் 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். எங்கள் கல்லூரிக் கண்காட்சியை எந்த அரசிதழ் அறிவிக்கும்? நீங்கள் இறுதியாண்டுத் திட்டம் செய்யப்போகிறீர்கள் என்பதால் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். முழு விவரம் தயாராக இல்லாவிட்டாலும் தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைத் தாக்கல் செய்து தேதியைப் பிடித்துவிடலாம். முழு விவரக்குறிப்பைத் தர அதன் பிறகு 12 மாதம் இருக்கிறது. கைதட்டல் ஒரு வாரம் காத்திருக்கும்.

சரி, அன்றாட வேலைக்கு வருகிறேன். கறுப்புக் கோட்டு போட்டு மேசையைத் தட்டிப் பேசுவது என்று நினைத்திருந்தால், எனக்கு அந்த வாய்ப்பு மாதத்துக்கு இரண்டு நாள் கிடைத்தால் அதிகம். மீதி நாளெல்லாம் வாக்கியம் எழுதுகிறேன். காப்புரிமை விண்ணப்பத்தின் கடைசியில் 'உரிமைக் கோரல்' என்று ஒரு பகுதி வரும். உங்கள் ஊரில் நிலப் பத்திரம் பார்த்திருப்பீர்கள்: கிழக்கே இன்னாருடைய வயல், வடக்கே வாய்க்கால் என்று நான்கெல்லை எழுதியிருக்கும். உரிமைக் கோரல் என்பது கண்ணுக்குத் தெரியாத சொத்துக்கு எழுதும் நான்கெல்லை. ஒவ்வொரு கோரலும் ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும், அது அரைப் பக்கம் நீண்டாலும்.

என் சீனியர் எனக்குக் கொடுத்த முதல் பயிற்சி அரிவாள்மனை. "உலகத்தில் இதுவரை அரிவாள்மனையே இல்லை, நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள் என்று வைத்துக்கொண்டு கோரல் எழுதுங்கள்" என்றார். 'மரப்பலகையில் செங்குத்தாகப் பொருத்தப்பட்ட வளைந்த இரும்புத் தகடு' என்று எழுதிக்கொண்டு போனேன். "நாளைக்கே பக்கத்துத் தெருக்காரர் எவர்சில்வரில் செய்வார். இரும்பு என்று எழுதிக் கொடுத்த உங்களை உங்கள் கட்சிக்காரர் என்ன செய்வார்?" என்றார். இரும்பை அடித்தேன். மரத்தையும் அடித்தேன். உற்சாகம் மிகுந்து 'ஒரு தாங்கியும் அதில் பொருத்தப்பட்ட வெட்டும் விளிம்பும் கொண்ட கருவி' என்று சுருக்கினேன். அவர் சிரித்துவிட்டு மேசைமேல் இருந்த காகிதம் வெட்டும் கத்தியை எடுத்து வைத்தார். பிடிதான் தாங்கி, அலகுதான் விளிம்பு. முன்பே இருக்கும் ஒரு பொருள் என் வாக்கியத்துக்குள் வந்து விழுந்துவிட்டது, விண்ணப்பம் செத்தது. நிறையச் சொன்னால் எதிரி தப்பிப்பார், குறைத்துச் சொன்னால் உரிமையே கிடைக்காது. வெட்டுகிற பொருள் கையில் நகர, வெட்டும் விளிம்பு அசையாமல் நிற்பதுதான் அரிவாள்மனையின் உயிர் என்று பிடிப்பதற்கு எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அதுவும் உட்கார்ந்து காய் நறுக்கிப் பார்த்த பிறகுதான்.

இது வெறும் சொல் விளையாட்டு என்று தோன்றினால் இரண்டு வழக்குகளைப் படியுங்கள். இரண்டும் சென்னையோடு தொடர்புள்ளவை.

ஒன்று, பஜாஜ் ஆட்டோவுக்கும் டிவிஎஸ் மோட்டாருக்கும் நடந்தது. சிறிய என்ஜினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் அமைப்புக்கு பஜாஜிடம் காப்புரிமை இருந்தது. 2007-இல் டிவிஎஸ் தன் பிளேம் பைக்கை இரண்டு பிளக்குடன் அறிவித்ததும் விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. டிவிஎஸ் என்ஜினில் மூன்று வால்வு. பஜாஜுடைய கோரல் அதையும் தன் எல்லைக்குள் வளைக்கிறதா என்பதுதான் சண்டையின் கரு. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி தடை விதித்தார், 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அறிவுசார் சொத்து வழக்குகள் இடைக்காலத் தடைச் சண்டையிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன, விசாரணையை நாள்தோறும் நடத்தி நான்கு மாதத்துக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றது. இரு நிறுவனங்களும் கடைசியில் சமரசமானது 2019-இல். நான்கு மாதம் என்றால் நீதிமன்ற நாட்காட்டியில் எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

மற்றொன்று நோவார்ட்டிஸ் வழக்கு. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் கேட்ட காப்புரிமை. 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் தாக்கலான விண்ணப்பம் அது. எண்ணிலேயே மெட்ராஸின் 'மாஸ்' என்ற முத்திரை இருக்கும். 2005 வரை நம் நாட்டில் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை இல்லாததால் கட்டு திறக்கப்படாமல் கிடந்து, 2006 ஜனவரியில் நிராகரிக்கப்பட்டது. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு சொல்வது இதுதான்: தெரிந்த பொருளின் புது வடிவம் என்றால், அதன் திறன் கூடியிருக்க வேண்டும். புது வடிவத்தின் தூள் தடையில்லாமல் வழிந்தோடுகிறது, ஈரத்தைக் குறைவாக உறிஞ்சுகிறது, உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்றது நிறுவனம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம், மருந்தின் திறன் என்றால் நோயைத் தீர்க்கும் திறன், உடலில் கூடுதலாகச் சேர்வதால் அது கூடியதாக நிறுவனம் நிரூபிக்கவில்லை என்று முடித்தது. 'திறன்' என்ற ஒரு சொல். மாதம் ஒரு லட்சத்துக்கும் மேல் விலை வைத்த மருந்து, இந்திய நிறுவனங்களின் தயாரிப்பாகப் பத்தாயிரம் ரூபாய் அளவில் தொடர்ந்து கிடைத்ததற்கு அந்தச் சொல்லின் பொருள்தான் காரணம். நீளமான தீர்ப்பு. வேதியியல் பகுதி புரியாவிட்டாலும் விடாதீர்கள். அதில் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் வரலாறே இருக்கிறது; நீதிபதி ராஜகோபால அய்யங்கார் 1959-இல் கொடுத்த அறிக்கை எப்படி நம் மருந்துத் தொழிலுக்கு வழி திறந்தது என்பது உட்பட.

படிப்பு பற்றி. விண்ணப்பம் எழுதி, கட்சிக்காரருக்காகக் காப்புரிமை அலுவலகத்தில் பேசுபவர் காப்புரிமை முகவர். அதற்கு அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் கட்டாயம், 21 வயது நிறைந்திருக்க வேண்டும், காப்புரிமை அலுவலகம் நடத்தும் தேர்வில் தேற வேண்டும். இரண்டு தாள், பிறகு நேர்முகம். ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதம், மொத்தத்தில் 60. இரண்டாம் தாளில் கோரல் எழுதச் சொல்வார்கள், பலர் விழுவது அங்கேதான். இதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை. நீதிமன்றத்தில் வாதாட வேண்டும் என்றால்தான் மூன்றாண்டுச் சட்டப் படிப்பு, பார் கவுன்சில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு எல்லாம். பொறியியல் பட்டதாரிகள் சேரும்படி கரக்பூர் ஐஐடியில் அறிவுசார் சொத்துரிமையை மையமாக வைத்து ஒரு சட்டப் பள்ளி நடக்கிறது. நான் மாநிலத்துச் சட்டக் கல்லூரியில்தான் படித்தேன், குறையொன்றும் இல்லை. முகவர் தகுதி, சட்டப் பட்டம் இரண்டும் கையில் இருப்பவர்கள் குறைவு என்பதால் மதிப்பு உண்டு. ஆனால் ஜூனியராக முதல் இரண்டு ஆண்டு எனக்குக் கிடைத்த தொகையை வீட்டில் சம்பளம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. மாதக் கடைசியில் அம்மாதான் பணம் அனுப்புவார்.

சென்னையில் இருப்பது இந்தத் துறைக்கு வசதி. கிண்டியில் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. நாடு முழுவதற்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகமும் அங்கேதான். அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியமும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது, 2021-இல் கலைத்துவிட்டார்கள். இப்போது உயர் நீதிமன்றத்தில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள், யாரும் எழுப்பிவிட மாட்டார்கள்.

பதிப்புரிமைதான் பிடிக்கும் என்றால் பாரதியார் பாடல்களின் கதையிலிருந்து தொடங்குங்கள். அவற்றின் ஒலிப்பதிவு உரிமை ஒரு காலத்தில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. 1949-இல் சென்னை மாகாண அரசு உரிமைகளைப் பெற்றது, பிறகு அவை மக்களுக்குப் பொதுவாயின. 'நாட்டுடைமை' என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் வழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது.

பாடப்புத்தகம் இப்போதைக்கு வாங்க வேண்டாம். காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் விண்ணப்பங்கள், ஆய்வாளரின் ஆட்சேபணை, வழக்கறிஞரின் பதில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் பாடத்தை ஒட்டிய ஒன்றை எடுத்து, கோரல் முதலில் எப்படி இருந்தது, ஆட்சேபணைக்குப் பிறகு எந்தச் சொல் சேர்ந்தது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். நான் இன்னும் அப்படித்தான் கற்கிறேன்.

எங்கள் கீரை இயந்திரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான்கைந்து ஆண்டு கழித்து ஒரு வேளாண் கண்காட்சியில் அதே வேலையைச் செய்யும் இயந்திரம் ஒன்று விற்பனைக்கு நின்றது. நெஞ்சு அடித்துக்கொள்ள, குனிந்து உள்ளே பார்த்தேன். எங்களுடைய இரும்பு உருளைகளுக்குப் பதில் துளையிட்ட தகடு வைத்திருந்தார்கள். காம்பு ஒன்றுகூடக் கீரையோடு விழவில்லை. விற்பவரிடம் "விண்ணப்பம் போட்டுவிட்டீர்களா?" என்று கேட்டேன். "முதலில் நாலு இடத்தில் ஓடட்டும் சார்" என்றார். அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.