கையெழுத்துப் போடாமல் விலகிவிட்டால் போதுமா?

கேள்வி: சென்னைப் புறநகரில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஆறு வருடமாக ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயராக வேலை செய்கிறேன். ஸ்டில்ட்டும் (தூண்கள் மட்டும் நிற்கும், வண்டி நிறுத்தும் கீழ்த்தளம்) ஐந்து தளமும் கொண்ட ஒரு அடுக்குமாடிக்கு நான்தான் டிசைன் செய்து, பிளானிலும் கையெழுத்துப் போட்டேன். தூண்களுக்கு நான் கொடுத்தது எம்25 கான்கிரீட், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வலிமை. வேலை முடியும் நேரத்தில் சந்தேகம் வந்து மூன்று தூண்களில் கோர் (துளைத்து எடுக்கும் உருளை மாதிரி) எடுக்கச் சொன்னேன். கணக்கிட்டால் 17, 19, 20 என்று வந்தது. ரிப்போர்ட்டை எம்.டி. மேசைக்குள் வைத்துவிட்டு, வேறொரு லேபிலிருந்து எல்லாம் 28க்கு மேல் என்று ஒரு ரிப்போர்ட் கொண்டுவந்திருக்கிறார். கம்ப்ளீஷன் சான்றிதழ் வாங்குவதற்காக உறுதித்தன்மைச் சான்றில் கையெழுத்துக் கேட்கிறார். மொட்டை மாடியில் தூண் கம்பிகளை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். பிறகு இன்னொரு தளம் ஏற்றுவார்கள் என்று பேச்சு. 24 வீட்டில் 17 விற்றாகிவிட்டது. மறுத்தால், ‘பிளானில் உன் பெயர்தானே இருக்கிறது, முதலில் உள்ளே போவது நீதான்’ என்கிறார். வேலை ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு ஷரத்தும், மூன்று மாத நோட்டீஸ் இல்லாமல் போனால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற ஷரத்தும் உண்டு. பேசாமல் ராஜினாமா செய்துவிடலாமா? பெயர் போடாமல் ஒரு மனு போட்டால் போதுமா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் முன்பு நண்பர் ஒருவருக்காக, சைட்டுக்கே போகாமல் இரண்டு கட்டடங்களுக்குக் கையெழுத்துப் போட்டு, தலா 5,000 ரூபாய் வாங்கியிருக்கிறேன்.

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். ஆனால் அது பாதி வேலைதான். ராஜினாமா கடிதத்தில் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால், கையெழுத்துப் போட்டவரைவிடக் கொஞ்சம்தான் நல்ல நிலையில் இருப்பீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் எம்.டி. சொன்னது மிரட்டல்தான், ஆனால் முழுப் பொய் இல்லை. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது, நிறுவனத்தாரோடு பொறியாளர்களும் கைதானார்கள். பக்கத்திலிருந்த இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அப்படி ஏதாவது நடந்தால் காவல்துறை முதலில் பிளானை எடுக்கும், அதில் யார் பெயர் என்று பார்க்கும். அந்த அளவுக்கு அவர் சொல்வது சரி. அவர் சொல்லாமல் விட்ட இடம்தான் முக்கியம்.

கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106வது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304ஏ. பழைய சட்டத்தில் அதிகபட்சம் இரண்டு ஆண்டு, இப்போது ஐந்து. சிகிச்சையில் நேரும் தவறுக்குப் பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும் இரண்டு ஆண்டு என்று சலுகை வைத்திருக்கிறார்கள். பொறியாளருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனால் தொழில் தெரிந்தவர் செய்யும் ஒவ்வொரு பிழையும் குற்றமாகிவிடாது. 2005ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் குற்ற வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான கவனக்குறைவு வேண்டும் என்றது. அது மருத்துவர் வழக்கு. ஆனாலும் விசேஷத் திறமை உடையவர்கள் என்ற வரிசையில் வழக்கறிஞர், மருத்துவர், கட்டடக் கலைஞர் எல்லோரையும் சேர்த்தே அந்தத் தீர்ப்பு பேசுகிறது. ஆக, நீங்கள் ஒழுங்காக டிசைன் செய்து, சைட்டில் யாரோ சிமென்டைக் குறைத்திருந்தால் உங்களுக்கு நல்ல எதிர்வாதம் இருந்தது.

இருந்தது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. கோர் ரிப்போர்ட் உங்கள் கைக்கு வந்த நாளோடு அந்த எதிர்வாதம் மாறிவிட்டது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 எனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும், உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்: கோர்களின் சராசரி குறிப்பிட்ட வலிமையில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எம்25க்கு அது 21.25, 18.75. உங்கள் சராசரி 18.67, ஒரு கோர் 17. இரண்டிலும் தோல்வி. இது தெரிந்த பிறகு ‘கட்டடம் உறுதியாக இருக்கிறது’ என்று எழுதினால் அதைக் கவனக்குறைவு என்று எந்த நீதிபதியும் சொல்ல மாட்டார். மரணம் நேரலாம் என்று தெரிந்தே செய்தது என்று 105வது பிரிவுக்குப் போவார்கள். அங்கே பத்து ஆண்டு வரை. எம்.டி.யின் மேசைக்குள் இருக்கும் அந்தத் தாள், கையெழுத்துப் போட்டால் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி. போடாமல் எழுத்தில் எதிர்ப்புச் சொன்னால் உங்களுக்கு ஆதரவான முதல் சாட்சி.

புது ரிப்போர்ட் எப்படி வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. கியூப் (சோதனைக்கு அனுப்பும் கான்கிரீட் கட்டி) போடுவதற்கென்றே தனியாக ஒரு சட்டி கான்கிரீட்டில் இரண்டு கை சிமென்ட் அதிகம் போட்டுக் கலக்குவதை நானே ஒரு வழக்குக்காகச் சைட்டுக்குப் போனபோது பார்த்திருக்கிறேன்; மேஸ்திரி என்னை வக்கீல் என்று தெரியாமல், ‘ரிசல்ட்டுக்குன்னு தனியா சார்’ என்று விளக்கம்கூடச் சொன்னார். உங்கள் விஷயத்தில் கோரே எடுக்காமல் ரிப்போர்ட் வந்திருந்தால், அது பொய் ஆவணம். அதை அதிகாரிகளிடம் உண்மைபோலக் காட்டுவது தனிக் குற்றம். உங்கள் கையெழுத்தை அவர்களே போட்டுவிடும் வழக்கமும் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன். அதற்கும் ஒரு தற்காப்பு வேண்டும்.

அந்தத் தற்காப்பு இரண்டு கடிதங்கள்.

முதல் கடிதம் எம்.டி.க்கு, உங்கள் மின்னஞ்சலிலிருந்து, இன்றைக்கே. கோபம் வேண்டாம், ‘மோசடி’ என்ற வார்த்தை வேண்டாம். இந்தத் தேதியில், இந்தத் தூண்களில் எடுத்த கோர்களின் முடிவு இது. குறிப்பிட்ட அளவுக்கு இது பொருந்தவில்லை. இந்த நிலையில் உறுதித்தன்மைச் சான்று தர இயலாது. என் பெயரில் எந்தச் சான்றும் என் ஒப்புதல் இல்லாமல் தாக்கல் செய்யப்படக் கூடாது. மேல் தளத்துக்கான கம்பிகள் நான் கொடுத்த வரைபடத்தில் இல்லை. இவ்வளவு போதும். கூடவே வழியையும் சொல்லுங்கள்: கிடைத்த வலிமையை வைத்து மறுபடி கணக்குப் போடலாம், பலவீனமான தூண்களுக்கு ஜாக்கெட்டிங் (சுற்றிலும் கம்பியும் கான்கிரீட்டும் சேர்த்துப் பலப்படுத்துவது) செய்யலாம், வெளியார் ஒருவரை வைத்துச் சரிபார்க்கலாம். இதை எழுதச் சொல்வது தயவு தாட்சண்யத்துக்காக அல்ல. நாளைக்கு நீதிமன்றத்தில், இவர் வேலையைக் கெடுக்க வந்தவர் அல்ல, சரிசெய்யச் சொன்னவர் என்று காட்ட வேறு எதுவும் இவ்வளவு உதவாது. ஏழு நாள் அவகாசம் கொடுங்கள்.

பதில் வராவிட்டால் இரண்டாவது கடிதம், அனுமதி கொடுத்த அமைப்புக்கு. உங்கள் பகுதி சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) எல்லைக்குள் வருகிறது என்று நினைக்கிறேன். அவர்கள் அனுமதிக் கடிதத்தோடு வரும் நிபந்தனைத் தாளை யாரும் படிப்பதில்லை, எடுத்துப் படியுங்கள். மேற்பார்வையிடும் நிபுணருடனான ஒப்பந்தம் ரத்தானாலோ, கட்டுமானம் அனுமதித்த வரைபடத்திலிருந்து விலகினாலோ அவர் உடனே தெரிவிக்க வேண்டும் என்று அதில் வழக்கமாக இருக்கும். அதாவது நீங்கள் செய்யப்போவது கோள் சொல்வதல்ல, ஏற்கெனவே உங்கள் மேல் இருக்கும் கடமை. ‘இந்தக் கட்டடத்திலிருந்து விலகுகிறேன், காரணம் இது, ரிப்போர்ட் நகல் இணைப்பு’ என்று எழுதித் தபால் பிரிவில் நேரில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். அதையே ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். ராஜினாமா அதற்குப் பிறகுதான்.

பெயர் போடாத மனு எதற்கும் உதவாது. அது கோப்பில் தூங்கும். முக்கியமாக, அதை எழுதியது நீங்கள் என்று பிறகு நிரூபிக்க முடியாது.

ஆறாவது தளம் பற்றி. தமிழ்நாட்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019ன்படி 18.30 மீட்டர் உயரம்வரைதான் சாதாரணக் கட்டடம். ஸ்டில்ட்டோடு ஐந்து தளம் என்று எல்லோரும் கட்டுவதற்குக் காரணம் அந்தக் கோடுதான். அதைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம், வேறு விதிகள், சுற்றிலும் விட வேண்டிய இடைவெளிகளும் வேறு. கம்ப்ளீஷன் வாங்கி, கரன்ட் கனெக்‌ஷன் வந்த பிறகு மேலே ஏற்றுவது பழைய தந்திரம். உங்கள் கையெழுத்துக்கு இவ்வளவு அவசரம் ஏன் என்று இப்போது புரியும். போதாக்குறைக்கு, வீடு வாங்குவோரைப் பாதுகாக்கும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 14வது பிரிவு, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் இப்படி மாற்றக் கூடாது என்கிறது. கட்டமைப்புக் குறை ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் தெரிய வந்தால், தெரிவித்த 30 நாளுக்குள் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டியதும் புரமோட்டர்தான், அதாவது கட்டி விற்கும் உங்கள் நிறுவனம்தான். அந்த 17 குடும்பங்களின் உரிமை அது. அதற்காக அவர்களின் வாட்ஸப் குழுவில் நீங்கள் ரிப்போர்ட்டைப் போடாதீர்கள். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 356வது பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. வாட்ஸப் குழு உரிய அதிகாரி அல்ல.

ரகசியக் காப்பு ஷரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சட்டவிரோதமான ஒன்றை மறைக்கச் சொல்லும் ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டம் 23வது பிரிவின்படி செல்லாது. ஆனால் அதைச் சாக்காக வைத்து சர்வரில் இருப்பதையெல்லாம் பென்டிரைவில் அள்ளிக்கொண்டு போகாதீர்கள். இந்தக் கட்டடம் சம்பந்தமாக உங்களுக்கு வந்த மெயில், நீங்கள் போட்ட வரைபடம், கோர் எடுத்தபோது உங்கள் போனில் எடுத்த படங்கள், இவை போதும். போனை மாற்றாதீர்கள், படங்களை அழிக்காதீர்கள். நீதிமன்றத்தில் காட்டும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63வது பிரிவின்படி ஒரு சான்று தர வேண்டியிருக்கும். 2 லட்சம் விஷயத்தில், ஒப்பந்தச் சட்டம் 74வது பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும், எழுதிய தொகை தானாகக் கிடைத்துவிடாது. நோட்டீஸ் காலச் சம்பளம் கேட்கலாம், அதற்குத் தயாராக இருங்கள்.

வேலை போகும். அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. 2014ல் நிறைவேறிய தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டம் அரசுத் துறை முறைகேடுகளுக்கானது, தனியார் நிறுவனத்தின் முறைகேட்டுக்கு அதில் இடமில்லை. வழக்கறிஞருக்கு 1961லிருந்து, கட்டடக் கலைஞருக்கு 1972லிருந்து தனிச் சட்டமும் கவுன்சிலும் இருக்கின்றன. பொறியாளருக்கு அப்படி நாடு முழுவதற்கும் ஒன்று இல்லை. உங்களைத் தண்டிக்க உள்ளூர்ப் பதிவு இருக்கிறது, உங்களுக்காகப் பேச ஆளில்லை. எனக்கு இதில் நெடுநாளாக ஆதங்கம் உண்டு. கையெழுத்துக்கு என்ன பொருள் என்பதற்கு ஒரு உதாரணம்: அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் 1981ல் ஹோட்டல் நடைபாலம் விழுந்து 114 பேர் இறந்தார்கள். தொங்கு கம்பியின் அமைப்பை மாற்றலாம் என்றது இரும்பு வேலை செய்த நிறுவனம். வரைபடத்தில் முத்திரை குத்திய பொறியாளர்கள், நாங்கள் அதைச் சரிபார்க்கவில்லையே என்றார்கள். முத்திரை உங்களுடையதுதானே என்று மிசௌரி மாநிலம் இரண்டு பேரின் லைசென்ஸைப் பறித்தது.

கடைசியாக, அந்த 5,000 ரூபாய்க் கையெழுத்துகள். அவை நடந்து முடிந்தவை என்று நினைக்க வேண்டாம். அந்தக் கட்டடங்களில் ஆட்கள் குடியிருக்கும்வரை அவை உங்கள் பெயரில்தான் நிற்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டுக்கும் போய் வாருங்கள். ஸ்டில்ட்டில் தூண்களைப் பாருங்கள், அப்புறம் மொட்டை மாடிக்கு ஏறுங்கள். சிமென்ட் பால் பூசிய கம்பிகள் அங்கேயும் நீட்டிக்கொண்டிருந்தால், அல்லது அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு வீடு இருந்தால், படம் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். மூன்றாவதாக ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.