அக்ரிமெண்ட் முடிந்ததால் வீட்டைப் பூட்டிவிடுவேன் என்று ஹவுஸ் ஓனர் மிரட்டுகிறார். என்ன செய்வது?

உங்கள் நிலைமை நான் புரிந்துகொண்டபடி இதுதான். சென்னையில் வாடகை வீடு. பதினோரு மாத அக்ரிமெண்ட் முடிந்துவிட்டது, புதிதாக எழுதவில்லை. வாடகை பாக்கி இல்லை. ஆனாலும் ஓனர், "இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணலைன்னா பூட்டுப் போட்டு சாமானை ரோட்டுல வெச்சிருவேன்" என்கிறார். அவர் அப்படிச் செய்ய முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியாது. வீடு அவருடையது, திரும்பக் கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது, வழக்குப் போட்டால் ஜெயிக்கவும் கூடும். ஆனால் நீங்கள் குடியிருக்கும் வீட்டைத் தன் கையால் பூட்டி எடுத்துக்கொள்ளும் உரிமை அவருக்குக் கிடையாது. குத்தகைக் காலம் முடிந்த பிறகும் நில உரிமையாளர் பலவந்தமாக இடத்தைக் கைப்பற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே லல்லு யஷ்வந்த் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. 1989-ல் கிருஷ்ணாராம் மகாலே வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது: ஓர் இடத்தை நிலையாக அனுபவத்தில், அதாவது தன் கைவசத்தில், வைத்திருப்பவரை, அங்கே தொடர்ந்து இருக்க அவருக்கு உரிமை இல்லாவிட்டாலும்கூட, சட்டத்தின் வழியாக அன்றி வெளியேற்ற முடியாது. அக்ரிமெண்ட் முடிந்துவிட்டதே என்று நீங்கள் பயப்படுவதற்கு நேரடியான பதில் இது.

நான் வக்கீல் இல்லை. ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் சில வருடங்கள் குமாஸ்தாவாக வேலை பார்த்தேன். இந்த மாதிரி மிரட்டலோடு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பலர் பூட்டுப் போட்ட பிறகுதான் வந்தார்கள். நீங்கள் அதற்கு முன்பே கேட்கிறீர்கள், அதுவே பெரிய விஷயம்.

தமிழ்நாட்டில் இப்போது நடைமுறையில் இருப்பது 2017-ம் ஆண்டின் வாடகைச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. 1960-ம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போய்விட்டது. புதிய சட்டத்தில் உங்களுக்கு எதிராக ஒரு விஷயம் இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். அப்படி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாததையே காரணமாகக் காட்டி, காலி செய்ய உத்தரவிடும்படி ஓனர் வாடகை நீதிமன்றத்தில் மனு போடலாம். பிரிவு 21 அதற்கு வழி தருகிறது. அவர் சொந்த உபயோகத்துக்கு வீடு தேவை என்பதும் அதே பிரிவில் ஒரு காரணம். ஆகவே வருடக்கணக்கில் அங்கேயே இருந்துவிடலாம் என்ற நம்பிக்கையை யாரும் உங்களுக்குத் தர முடியாது. ஆனால் அதற்கு அவர் மனு போட வேண்டும், உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும், உங்கள் பதிலைக் கேட்க வேண்டும், அதன் பிறகு உத்தரவு வர வேண்டும். இதில் எதையும் தாண்டிக் குதித்து பூட்டில் போய் நிற்க அவருக்கு வழியில்லை.

அடுத்தது வாடகை. இந்த நேரத்தில் பலரும், "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று வாடகையை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரண்டு மாத வாடகை பாக்கி சேர்ந்து, அவர் எழுத்தில் கேட்டும் ஒரு மாதத்துக்குள் நீங்கள் கட்டவில்லை என்றால், காலி செய்யச் சொல்ல அதுவே வலுவான காரணமாகிவிடும். வங்கிக் கணக்கிலோ ஜிபேயிலோ, "இன்ன மாத வாடகை" என்று குறிப்பெழுதி அனுப்புங்கள். வாங்க மறுத்தால் அந்தத் தொகையை வாடகை அதிகாரியிடம் செலுத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது.

பூட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் பார்த்தவரை வீட்டைக் காலி செய்ய வைக்கும் உண்மையான ஆயுதம் தண்ணீரும் கரண்டும்தான். என் தங்கை குடும்பத்துக்கு அதுதான் நடந்தது. மாடி போர்ஷன். ஓனர் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார், அவ்வளவுதான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவள் தெருக் குழாயிலிருந்து குடம் குடமாக மாடிக்குத் தூக்கினாள். போனில் கேட்டால் "மோட்டார் ரிப்பேர்மா" என்று பதில். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. ஒரு குடும்பத்தைத் தாகத்தில் நிறுத்தித் துரத்துவது பூட்டுப் போடுவதைவிட எந்த வகையிலும் குறைந்த கொடுமை இல்லை. சட்டமும் அதைச் சும்மா விடவில்லை. பிரிவு 20-ன்படி தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, லிஃப்ட், கழிவுநீர், பார்க்கிங் போன்ற அத்தியாவசிய வசதிகளை ஓனர் தானாகவோ ஆள் வைத்தோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். விசாரணை முடியும்வரை காத்திருக்காமல், உடனே வசதியைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. மனுவிலேயே அந்த இடைக்கால உத்தரவைக் கேட்டு எழுதுங்கள். கேட்காவிட்டால் தானாக வராது.

தங்கை விஷயத்தில் முதலில் போனது காவல் நிலையத்துக்கு. எதிர்பார்த்த பதில்தான் கிடைத்தது: "இது சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போங்க." அந்த இடத்தில் தளர்ந்து திரும்பிவிடாதீர்கள். நாங்கள் சொன்னது இதுதான்: "சார், வீடு யாருக்குன்னு உங்களை முடிவு பண்ணச் சொல்லல. வாடகைத் தகராறை அவர் கோர்ட்டுல பார்த்துக்கட்டும். தண்ணியை நிறுத்தி எங்களை வெளியேத்தப் பார்க்கிறார், மிரட்டுகிறார், அதுக்குத்தான் புகார் கொடுக்கிறோம்." இப்படிப் பிரித்துச் சொன்ன பிறகுதான் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அங்கிருந்து ஓனருக்கு ஒரு போன் போனது, ரிப்பேரான மோட்டார் அன்று இரவே ஓடியது.

உங்கள் புகாரையும் அப்படியே எழுதுங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. உங்களை வீட்டுக்குள் போகவிடாமல் தடுப்பது பிரிவு 126, அத்துமீறி வீட்டுக்குள் நுழைவது 329, மிரட்டுவது 351. பிரிவு எண்களை நீங்கள் எழுதியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. என்ன தேதியில், யார் முன்னால், என்ன வார்த்தை சொன்னார் என்று எழுதினால் போதும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீதை வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். பின்னால் பூட்டே விழுந்தால், மிரட்டல் முன்பே பதிவாகியிருப்பதற்கு அந்தத் துண்டுக் காகிதம்தான் சாட்சி.

மாசக் கடைசி வருவதற்குள் செய்ய வேண்டியவை இன்னும் சில உண்டு. ஓனருக்கு ஒரு கடிதம் எழுதித் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். அதையே வாட்ஸாப்பிலும் போடுங்கள். வாடகை கட்டி வருகிறேன், இன்ன தேதியில் இப்படி மிரட்டினீர்கள், சட்டப்படி அல்லாமல் என்னை வெளியேற்றக் கூடாது, இவ்வளவுதான் இருக்க வேண்டும். வசை வேண்டாம். அப்புறம், நீங்கள் அங்கே குடியிருப்பதற்கான ஆதாரங்களைத் திரட்டுங்கள். சமையல் கேஸ் பில், வாடகை அனுப்பிய வங்கி விவரம், அந்த முகவரியில் வந்த தபால், பிள்ளைகளின் பள்ளிப் பதிவு, பழைய அக்ரிமெண்ட், எல்லாம். அறை அறையாக ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். சான்றிதழ்கள், பாஸ்போர்ட், நகை, தினமும் சாப்பிடும் மாத்திரைகளில் ஒரு பங்கு ஆகியவற்றை நம்பிக்கையான உறவினர் வீட்டில் வைத்துவிடுங்கள். நாள்பட்ட நோய்க்கு மருந்து எடுப்பவர் வீட்டில் இருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. கெடு முடியும் அந்த வாரத்தில் வீட்டை ஆளில்லாமல் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்குப் போக வேண்டாம். பெரும்பாலான பூட்டுகள் ஆளில்லாத நேரத்தில்தான் விழுகின்றன.

சரி, எல்லாவற்றையும் மீறிப் பூட்டிவிட்டார் என்றால்? நீங்களே பூட்டை உடைக்க வேண்டாம், அது எதிர்ப் புகாராகத் திரும்பும். பூட்டைப் படமெடுங்கள், அக்கம்பக்கத்தாரை நிற்கச் சொல்லுங்கள், 100-க்கோ 112-க்கோ அழையுங்கள், அன்றே எழுத்துப் புகார் கொடுங்கள். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் தபாலிலும் ஆன்லைனிலும் மேலதிகாரிக்கு அனுப்புங்கள், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இதோடு சேர்த்து ஒரு வக்கீலைப் பாருங்கள். 1963-ம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம் (Specific Relief Act) பிரிவு 6-ன் கீழ், சம்மதமில்லாமல் சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றப்பட்டவர் இடத்தின் அனுபவத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடலாம். அதில் வீடு யாருடையது என்ற கேள்வியே எழாது. ஆனால் வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும். சமாதானம் பேசிக்கொண்டே அந்த 6 மாதத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அது மிகவும் வேதனையான விஷயம்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் வருமானம் எதுவானாலும் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் வழி கேட்கலாம். வீட்டில் அம்மாவோ மனைவியோ பெயரில் அக்ரிமெண்ட் இருந்தால் அவரே மனுதாரராக இருப்பது நல்லது.

கடைசியாக ஒன்று. நீங்களாகவே வேறு வீடு பார்த்துப் போவதாக முடிவெடுக்கலாம், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. என் தங்கையும் சில மாதம் கழித்துப் போனாள், அவள் சொன்ன தேதியில். அப்படியானால் காலி செய்யும் தேதியையும் அட்வான்ஸ் திருப்பித் தரும் தேதியையும் ஒரே கடிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். புதிய சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லையென்றால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக மீதியைத் தந்துவிட வேண்டும். காலி செய்த வீட்டை வீடியோ எடுத்து, மீட்டர் ரீடிங்கையும் குறித்துக்கொண்டு, சாவி பெற்றுக்கொண்டதாக ஓனரிடம் எழுதி வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.