ஆறரை லட்சம் பாக்கியோடு ஒரு கடை வருகிறது, எடுக்கலாமா?

கேள்வி இதுதான். கோவில்பட்டிப் பக்கம் ஒரு பைப், எலக்ட்ரிக்கல் சாமான் கடையில் ஒன்பது வருடமாக வேலை பார்ப்பவர் எழுதியிருக்கிறார். முதலாளி அண்ணாச்சிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், கடையை இவரையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். விலை 18 லட்சம். சரக்கு 9 லட்சம், கடை அட்வான்ஸும் பெயரும் சேர்த்து இரண்டரை, ஊரில் நிற்கும் பாக்கி ஆறரை. சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டியது 4 லட்சம் தனி, அதனால் ஏஜென்சிக்காரர்கள் சரக்கு போடுவதைக் குறைத்துவிட்டார்கள். "பாக்கியை நான் வசூலிக்க முடியுமா? முதல் நாளே 'கடன் கிடையாது' என்று போர்டு மாட்டிவிடலாமா?" என்று கேட்கிறார்.

கடையை எடுங்கள், பாக்கியை விலைக்கு எடுக்காதீர்கள்.

நீங்கள் அனுப்பிய நோட்டுப் படங்களை வைத்துத் தேதிவாரியாகக் கூட்டிப் பார்த்தேன். ஆறு மாதத்துக்குள் உள்ளது 1.8 லட்சம், ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை 2.9, மூன்று வருடம் தாண்டியது 1.8. இந்த மூன்றும் ஒரே பணம் இல்லை. கடனுக்குக் கொடுத்த சரக்குக்கு, இன்ன தேதியில் தருவேன் என்று பேச்சு இல்லாவிட்டால், சரக்கு கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், 1963-ம் வருடத்துக் காலவரையறைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அந்த மூன்று வருடம் முடிவதற்குள் வாங்கியவர் "இவ்வளவு பாக்கி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ, கொஞ்சம் பணம் கொடுத்து அதற்குத் தன் கையாலேயே எழுத்தோ கையெழுத்தோ வைத்தாலோ அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். "தந்துடுறேன் அண்ணாச்சி" என்று வாயால் நூறு தடவை சொன்னது கணக்கில் வராது. அதற்கும் மேலே, நம் நோட்டில் நாமே எழுதிய பற்று மட்டும் கோர்ட்டில் போதாது, பில்லோ சரக்கு வாங்கிய கையெழுத்தோ கூட வேண்டும். உங்கள் நோட்டில் நான் பார்த்த பல பக்கங்களில் "கண்ணன் மேஸ்திரி, 4 பைப்" என்பதோடு சரி. எந்தக் கண்ணன், எந்த வேலைக்கு, என்ன விலைக்கு? அண்ணாச்சிக்கு மட்டும்தான் தெரியும்.

பாக்கியை முறைப்படி வாங்கவே முடியாதா என்றால் முடியும். அண்ணாச்சி கையெழுத்திட்ட எழுத்து மூலமான ஒப்படைப்பு வேண்டும், ஒவ்வொரு பாக்கிக்காரருக்கும் அதை நோட்டீஸாகத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத வரை அவர் அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டால் அவருடைய கடன் தீர்ந்தது, உங்களிடம் மறுபடி தர வேண்டியதில்லை. என்னிடம் கணக்குப் பார்க்கும் ஒருவர் இப்படித்தான் ஒரு கடையைப் பாக்கியோடு முழு விலைக்கு வாங்கினார், நோட்டில் பெரிய தொகை நின்றது பழைய முதலாளியின் சம்பந்தி பெயரில். கேட்கப் போனால் "அது எங்களுக்குள்ள பாத்துக்கிட்டோம்" என்று பதில்.

அதனால் நான் சொல்வது, பாக்கி அண்ணாச்சியுடையதாகவே இருக்கட்டும், வசூல் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் பாக்கியில் 15 சதவீதம், நடுவில் உள்ளதில் 30, மூன்று வருடம் தாண்டியதில் பாதி உங்களுக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். சட்டப்படி கேட்க முடியாமல் போனாலும் அவராக மனம் வந்து தந்தால் வாங்குவதில் தப்பில்லை. உங்கள் பங்கு போக மீதி நேரே சப்ளையர் கடனுக்குப் போகட்டும். அண்ணாச்சி கடன் அடைய அடைய உங்களுக்குச் சரக்கு வருவதும் சீராகும். கடையின் விலையோ 18-லிருந்து பதினொன்றரைக்கு இறங்கிவிடும், அந்த ஆறரை லட்சம் கையில் ரொக்கமாக இருந்தால்தான் முதல் ஆறு மாதம் கடை ஓடும்.

சாவி கை மாறுவதற்கு முன்னால் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு பெரிய பாக்கிக்காரர்கள் வீட்டுக்கு நேரில் போய்விடுங்கள், ஒரு தாளில் தொகையைக் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். "அவ்வளவு இல்லையே" என்று தகராறு வந்தால் அப்போதே வரட்டும். கையெழுத்துப் போட்டும் தராத பெரிய ஆள்கள் இருந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அண்ணாச்சி பெயரில் மனு கொடுத்து, வழக்குக்கு முன்பே லோக் அதாலத்தில் பேசலாம். கோர்ட் ஃபீஸ் இல்லை, அங்கே முடிவானால் அது கோர்ட் டிக்ரிக்கு, அதாவது கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம்.

ஜிஎஸ்டியில் மட்டும் அலட்சியம் வேண்டாம். தொழில் கை மாறும்போது பழைய முதலாளி கட்டாத வரி, வட்டி, அபராதத்துக்கு வாங்குபவரும் சேர்ந்து பொறுப்பு என்று 2017 சட்டத்தின் 85-வது பிரிவு சொல்கிறது. உங்களுக்குள் வேறு மாதிரி எழுதிக்கொண்டாலும் துறை அதைப் பார்க்காது. ஜிஎஸ்டி போர்ட்டலில் கடை எண்ணைப் போட்டால் ரிட்டர்ன் எதுவரை தாக்கல் ஆகியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், இன்றே பாருங்கள். உங்கள் பான் வேறு என்பதால் உங்கள் பெயரில் புதுப் பதிவு எடுக்க வேண்டும். பழைய பதிவில் மிச்சம் நிற்கும் உள்ளீட்டு வரி வரவை, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய வரியில் இன்னும் கழித்துக்கொள்ளாததை, உங்கள் பதிவுக்கு மாற்ற ஐடிசி-02 என்ற படிவம் இருக்கிறது, ஆடிட்டரை விட்டு அதைச் செய்யச் சொல்லுங்கள்.

சரக்கு 9 லட்சம் என்பது எம்ஆர்பி கணக்கா, கொள்முதல் விலையா? காய்ந்துபோன சொல்யூஷன் டப்பா, யாரும் கேட்காத பழைய மாடல் ஸ்விட்ச் எல்லாம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஒன்பது வருடம் தூசி தட்டிய உங்களுக்குத் தெரியாதா? கழித்துவிட்டுப் பேசுங்கள்.

அப்புறம் அந்த போர்டு. வேண்டாம். வீட்டுக்காரர் வேலை முடிந்து பணம் கொடுத்தால்தான் பிளம்பரும் மேஸ்திரியும் உங்களுக்குக் கொடுக்க முடியும், அவர்களைக் கடனே இல்லையென்று அனுப்பினால் அடுத்த தெருக் கடைக்குப் போவார்கள், பழைய பாக்கியும் அவர்களோடு போய்விடும். ஆளுக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள், இந்த வேலைக்கு எடுத்தது தீர்ந்தால்தான் அடுத்த வேலைக்குச் சாமான். பழைய பாக்கிக்காரர்களுக்குப் புதுச் சரக்கு ரொக்கத்துக்கு மட்டும், பழையதில் சனிக்கிழமை சம்பள நாளில் ஐந்நூறோ ஆயிரமோ, கொடுக்கும்போதெல்லாம் நோட்டில் அவர் கையெழுத்து.