டி-ஷர்ட் விற்றும் கையில் காசு நிற்கவில்லையே?

கேள்வி: கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்காகத் திருப்பூரில் 190 ரூபாய்க்குப் பிரிண்ட் போட்டு வாங்கிய 120 டி-ஷர்ட்டுகளை, 250 ரூபாய் விலை வைத்து விற்றேன். 11 மிச்சம், 9 பேர் இன்னும் பணம் தரவில்லை. அலைச்சலில் ஒரு பேப்பர் அரியர் வேறு. தொடரலாமா?

பதில்: தாராளமாகத் தொடருங்கள். ஆனால் இனி ஒரு பீஸ்கூடக் கடனுக்குக் கொடுக்காதீர்கள். 120 பீஸுக்கு 60 ரூபாய் வீதம் 7,200 ரூபாய் லாபம் நின்றிருக்க வேண்டும். 100 பேரிடம் வந்தது 25,000, நீங்கள் கொடுத்தது 22,800. மிஞ்சிய 2,200 ரூபாயில்தான் பஸ் காசும் பார்சல் கூலியும். 20 பீஸ் உங்கள் மொத்த உழைப்பையும் தின்றுவிட்டது.

மிச்சம் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் சைஸ்தான். ஒரு கம்பெனியின் எல், இன்னொரு கம்பெனியின் எம் அளவில் இருக்கும். அதனால் வாய்வார்த்தையாகச் சைஸ் கேட்காதீர்கள். வாங்கப்போகும் இடத்திலேயே எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரை ஒவ்வொன்று சாம்பிள் வாங்கி வந்து வகுப்பில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர், சைஸ், யுபிஐ பரிவர்த்தனை எண் மூன்றும் இருந்தால்தான் பட்டியலில் இடம். எண்ணிக்கைக்கு மேல் எம், எல் சைஸில் இரண்டிரண்டு போதும்.

அந்தச் சாம்பிளில் ஒன்றைத் துவைத்தும் பாருங்கள். 'பயோ வாஷ்' என்றால் சுருங்காது என்று பலர் நம்புகிறார்கள். அது துணியின் பிசிறைத்தான் நீக்கும். சுருக்கத்தைக் கட்டுப்படுத்துவது காம்பாக்டிங், அதாவது துணியை ஆவியில் அழுத்தி முன்கூட்டியே சுருக்கிவிடுவது. துவைக்கும் முன்பும் காய்ந்த பின்பும் நீளத்தை அளந்து, ஓர் அங்குலத்துக்கு மேல் குறைந்தால் அந்த லாட் வேண்டாம்.

பிரிண்டில், ஒரே நிறம், நூறு பீஸ் என்றால் ஸ்க்ரீன் பிரிண்டிங்தான் கட்டுப்படியாகும். நிறத்துக்கு ஒரு ஃப்ரேம், அதாவது மை இறங்கும் வலைச் சட்டம், வேண்டும் என்பதால், 20 பீஸுக்கு நான்கு நிறம் கேட்டால் விலை எகிறும். அதற்கு டிடிஎஃப், அதாவது ஃபிலிமில் அச்சிட்டுச் சூட்டில் துணியில் ஒட்டும் முறை, போதும். சூட்டில் மையை ஆவியாக்கித் துணியில் ஏற்றும் சப்ளிமேஷன் பாலியெஸ்டரில்தான் பிடிக்கும், காட்டனில் வெளுத்துவிடும். பிரிண்ட் போட்ட சாம்பிள் பீஸை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். ஸ்க்ரீன் பிரிண்டில் விரிசல் விட்டால் மை சரியாகச் சூடேறவில்லை என்று பொருள். டிடிஎஃப்பில் ஓரம் தூக்கினால், ஆறவிட்டு உரிக்க வேண்டிய ஃபிலிமைச் சூட்டோடு உரித்திருக்கலாம். மொத்த ஆர்டருக்கு முன் அந்த ஒரு பீஸைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.

துறைத்தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் கல்லூரி லோகோ போடாதீர்கள். ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவரை, தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பாலக்காட்டுக் கல்லூரி ஒன்றுக்கு அனுப்பினாலும் பதிவு கட்டாயம்.

படிப்பு விஷயத்தில் கறாராக இருங்கள். இன்டர்னல் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் ஆர்டர் எடுக்க வேண்டாம். நிகழ்ச்சிக்கு 15 நாள் முன்பே பட்டியலை மூடிவிடுங்கள். கடைசி நேர ஓட்டம்தான் வகுப்பைக் கட் அடிக்க வைக்கிறது, 75 சதவீத வருகையும் அதில்தான் கைநழுவும். வசூலுக்கும் விநியோகத்துக்கும் ஒரு ஜூனியரைச் சேர்த்துக்கொண்டு பீஸுக்கு 10 ரூபாய் கொடுங்கள். திருப்பூருக்கு இரண்டு முறை போனால் போதும்: சாம்பிளுக்கு ஒன்று, சரக்கெடுக்க ஒன்று, இரண்டும் சனிக்கிழமையில்.

மிச்சமுள்ள 11-இல் ஆண்டு அச்சாகவில்லை என்றால், முதலாண்டு மாணவர்களுக்கு 190 ரூபாய்க்கே கொடுத்து முதலை எடுங்கள். அடுத்த டிசைனிலும் ஆண்டு போடாதீர்கள்.